கொஞ்சம் தூக்கிக் குடுங்க

"ஏங்க, இந்த அரிசி மூட்டையைக் கொஞ்சம் தூக்கி மேடைமேல வச்சுக் குடுங்களேன். என்னால சுத்தமா முடியல."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்ததும் டிரைவர் முனகிக்கொண்டே எழுந்து போனார். பஸ் ஓட்டுவதை விட்டு வருஷக்கணக்கானாலும் அக்கம்பக்கத்துக்கு அவர் இன்னும் டிரைவர்தான். பஸ் சீட்டிலிருந்து இறங்கி நேராக வீட்டு சோபாவில் உட்கார்ந்தவர், அப்புறம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்தான் எழுந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கி மேடையில் வைத்தார். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இங்க வேண்டாங்க, இடத்தை அடைக்குது. பழையபடி கீழேயே இறக்கி வச்சுடுங்க. மெதுவா!"

"என்ன, விளையாடுறியா?" என்று முணுமுணுத்தபடி இறக்கி வைத்தார். பாவம், உடம்பு முடியாதவளிடம் போய் என்ன சண்டை போடுவது?

மாதவிடாய் நின்ற பிறகு அவளுக்கு எலும்பு தேய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே அவருக்கு நிம்மதி போயிற்று. அவளுடைய அக்கா இப்படித்தான் குளியலறையில் லேசாக வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, இன்னமும் படுத்த படுக்கை. அந்தக் கதி இவளுக்கும் வந்துவிட்டால்?

அதனால்தான் அடுத்த தெருச் சமூகக் கூடத்தில் அந்த வயதுப் பெண்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றதும் அவரே பிடித்துத் தள்ளி அனுப்பினார்.

"ஆம்பளைங்களுக்கும் தனியா வகுப்பு இருக்காம். நீங்களும் வாங்களேன். வாசப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றவர், கல் மாதிரியே சோபாவை விட்டு அசையவில்லை.

ஆனால் வகுப்புக்குப் போகப் போக அவள் தேறுகிற வழியைக் காணோம். முதலில் பாட்டில் மூடியைத் திறக்க இவரைக் கூப்பிட்டாள். அப்புறம் தண்ணீர் வாளி, அதற்கப்புறம் பரண்மேல் இருந்த பெட்டி. இப்போது அரிசி மூட்டை வரைக்கும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வகுப்புக்குக் கிளம்பிப் போனதும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பயிற்சியாம் பயிற்சி! இருந்த தெம்பையும் உறிஞ்சிட்டாங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்கியது. வந்த கோபத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? விறுவிறுவென்று படியேறிக் கதவைத் தள்ளினார்.

"யாரும்மா இங்க பயிற்சி குடுக்கிறது? உங்களால என் வீட்டுக்காரி ஒரு வாளியைக்கூடத் தூக்க முடியாம..."

இரண்டு முனையிலும் இரும்பு வட்டு மாட்டிய கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, எதிரே அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

விசிலும் கையுமாக நின்ற பயிற்சியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "லிஃப்ட் ஓடலையே சார், எப்படி மேல வந்தீங்க?"

"படியேறித்தான் வந்தேன்! அதுக்கென்ன இப்போ?"

கூடமே கைதட்டியது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு ஆசிரியையம்மா சந்தோஷத்தில் சீழ்க்கையே அடித்துவிட்டார். டிரைவர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தார்.

மனைவி கம்பியைப் பதமாக இறக்கி வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு தோழிகள் பக்கம் பெருமையாகத் திரும்பினாள்.

"பாத்தீங்களா, ஆளுக்கு மூச்சே வாங்கல! அடுத்த வாரம் பீரோவை நகர்த்தச் சொல்லிடறேன்."