நீர்நாய்க்கு என்ன பிடிக்கும்?

ஏழரை மணி பஸ்ஸில் தஞ்சாவூரிலுள்ள அம்மா வீட்டுக்குப் போயே தீருவதென்று பூரணி பெட்டியைக் கட்டிவிட்டாள். கணவன் தயாளனோடு பேசி மூன்று நாளாயிற்று. ஆனால் கிளம்புமுன் குளிக்க வேண்டுமே! நகராட்சி விதிப்படி, வீட்டிலுள்ளவர்கள் சேர்ந்து உட்கார்ந்து டிவியில் அன்றைய இலவசப் பாடத்தைப் பார்த்து, கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் குழாயில் தண்ணீர் வரும். வேறு வழியின்றி, தயாளன் உட்கார்ந்திருந்த சோபாவின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள்.

காவிரி நீர்நாய்களைப் பற்றிய பாடம் பத்து நிமிடம் ஓடியது. "நீர்நாயின் முக்கிய உணவு எது?" என்று திரை கேட்டது.

"புல்லு," என்றான் தயாளன்.

பாடம் முதலிலிருந்து மறுபடி ஓடியது. இந்த முறை, "வாழைப்பழம்," என்றான்.

பூரணிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஒரு நாளாச்சும் நீங்க தப்பா பதில் சொன்னதுண்டா? மீனுன்னு சொல்லித் தொலைங்களேன், பஸ் போயிடும்!"

"போகட்டும்னுதான். அன்னிக்கு உங்கண்ணன் முன்னாடி உன்னைத் திட்டுனது என் தப்பு, பூரணி. போகாதே."

பாடம் மூன்றாம் முறை முடிந்தது. அவன் இருமுறை தவறியதால், இப்போது திரை அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது.

பூரணி மெல்ல நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தயிர்சாதம்," என்றாள் உரக்க.