முகமில்லாத போஸ்டர்

போஸ்டர், டிக்கெட், யூடியூப் எதிலும் கிளாரா முகம் காட்டியதில்லை. எல்லாவற்றிலும் ஒரே நீலம், நடுவே வெள்ளைக் கிட்டார். ஹோட்டல்களில் பாடுவது அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார்.

அன்று வண்டூர் கடற்கரையிலிருந்து திரும்பிய அப்பா அந்தோணிமுத்துவின் கையில், சுவரிலிருந்து கிழித்த போஸ்டர் இருந்தது.

“இது ஆரு அடிச்சது?”

கிளாரா போஸ்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. “தெரியாதுப்பா.”

“ஹார்பர்ல, பஜார்ல, எல்லா எடத்துலயும் பாத்துட்டுத்தான் வாறேன்.”

விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனார். எதை எடுத்துவரப் போகிறாரோ என்று கதவோரம் ஒண்டினாள்.

வந்தவர், மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கும் பெயிண்ட் டப்பாவை அவள் முன்னால் வைத்தார்.

“ரெண்டு வருசமா நம்ம வள்ளத்து நீலத்த அச்சு அசலாப் போட்டுட்டு, இந்தத் தடவ மட்டும் ஏன் மக்ளே வெளுத்துப்போச்சு? பிரஸ்ல இதக் காட்டி அடிக்கச் சொல்லு.”