இன்று ஆவாரம்பூ

பால் விடாத டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர் நமச்சிவாயம். நான்கு நாளாக அவர் டீத்தூள் டப்பாவையே தொடவில்லை. முதல் நாள் துளசி, மறுநாள் கொத்தமல்லி, அப்புறம் செம்பருத்தி. வில்லியனூரில் தன் மளிகைக்கடையில் சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் சர்க்கரை இல்லாமல் குடித்தார்.

இன்று ஆவாரம்பூ. மனைவி கோகிலாம்பாள் அவர் டம்ளரையே பார்த்தாள். அவள் அப்பா கடைசி காலத்தில் குடித்ததும் இதுதான். சர்க்கரை வியாதியில் முதலில் காலை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஆளே போய்விட்டார்.

"நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரேன். அவ்வளவா கசக்கல."

"எனக்கு இன்னாத்துக்கு?" தன் டீயில் நான்காவது கரண்டி சர்க்கரையைக் கொட்டினாள். "திங்கக்கிழம தனியா ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே. மறைக்காதீங்க. சக்கரன்னு சொல்லிட்டாங்களா?"

அவர் தலையாட்டினார்.

"எங்கப்பா மாதிரியே..." அவர் கால்களைப் பார்த்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னுதான். உன் வாய்க்கு எது ஒத்துக்கும்னு ஒண்ணொண்ணா குடிச்சுப் பாத்துக்கினு இருக்கேன்."

"என் வாய்க்கா?"

அவள் கையிலிருந்த டம்ளரை மெல்ல வாங்கித் தள்ளி வைத்தார்.

"முள்ளு குத்தின புண்ணு ஒரு மாசமா ஆறலன்னு ஆஸ்பத்திரிக்குப் போனோமே. அன்னைக்கு யார் ரத்தத்த எடுத்தாங்க?"

கோகிலாம்பாள் குனிந்து, தன் வலது காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.