நடிகருக்குப் போட்ட கதிரை

"பெரியவர், அது நடிகருக்குப் போட்ட கதிரை. எழும்புங்கோ."

றஜித் சொன்னதைக் காதில் வாங்காமல், இராயப்பு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். முல்லைத்தீவுக் கரையில் வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தது.

"உங்கட கமராவுக்கு ஒரு முகம்தானே வேணும்? என்ர முகத்துக்கு என்ன குறை?"

றஜித் எடுக்கும் குறும்படத்தில் தகப்பன் வேடம் சந்தியாப்பிள்ளைக்கு. ஒரு மாதமாகக் கோயில் வாசலில் அவர் அதையேதான் சொல்லித் திரிந்தார். இப்போது முழுக்கைச் சட்டையும் வேட்டியுமாகப் பூவரச மரத்தடியில் காத்திருந்தார்.

அவரும் இராயப்புவும் ஒரே கரை மீனவர்கள். யார் படகை எங்கே ஏற்றுவது என்பதில் வந்த சண்டை. வருடக்கணக்காகக் கதை பேச்சு இல்லை.

"விடு றஜித். போகஸ் பிடிக்க ஆரோ ஒருவர் இருக்கத்தானே வேணும்," என்றாள் கமராக்காரி நிதர்சனா.

படம் அகலத் திரையில் வரவேண்டுமென்று, கமரா லென்ஸுக்கு முன்னால் அனமோர்பிக் அடாப்டர் ஒன்றையும் பூட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் தனித்தனி போகஸ் வளையம். ஒன்று சரிவந்தால் மற்றது கலங்கும். இரண்டும் ஒத்துவரும்வரை எதிரே இருப்பவர் அசையக்கூடாது. கதிரை இடம் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து.

வெளிச்சம் சரியில்லையென்று றஜித் இராயப்புவை எழுப்பி, கதிரையை இடம் மாற்றினான்.

"சந்தியாப்பிள்ளை ஐயா, இனி நீங்கள் வாங்கோ."

அவர் எழும்புவதற்குள் இராயப்பு போய் இருந்துவிட்டார்.

"ஹீரோ நிழலில இருந்து வடிவாப் பாக்கட்டும், கதிரையில எப்பிடி இருக்கிறதெண்டு!" என்றார், கடலைப் பார்த்து.

"விசர்க் கிழவன்!" மரத்தடியிலிருந்து பதில் வந்தது. அதுவும் கடலைப் பார்த்துத்தான்.

நிதர்சனா இரண்டு வளையங்களையும் மாறி மாறித் திருப்பினாள். இராயப்புவின் கழுத்தால் வியர்வை வழிந்தது. ஆள் அசையவில்லை.

'முகம் காட்ட இந்த வயதில் இவ்வளவு ஆசையா!' என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, பிடிச்சிட்டன்!"

அவள் சொன்னதுதான் தாமதம், இராயப்பு தானாகவே எழும்பிப் போய்விட்டார். சந்தியாப்பிள்ளை வந்து இருந்தார். வசனத்தைப் பிசகாமல் சொன்னார். ஒரே தடவையில் காட்சி முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கிழவரின் கொழுப்பைக் கொஞ்சம் அடக்கவேண்டும் போலிருந்தது நிதர்சனாவுக்கு. தோணியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போனாள்.

"அப்பு, நீங்கள் இருந்தது ஒண்டும் பதிவாகேல்லை. படத்தில உங்கட நிழல்கூட வராது."

"அது தெரியும், பிள்ளை."

"பிறகேன் இந்த வெயிலுக்க இருந்தனீங்கள்?"

இராயப்பு குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்குக் கிட்னி பழுது. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்திகரிச்சவன். ஊசி குத்தின கையை மறைக்கத்தான் அந்த முழுக்கைச் சேட்டு. எனக்கும் அங்கதான் சீனி வருத்தத்துக்குக் கிளினிக். கண்டனான். இவ்வளவு நேரம் வெயிலில இருந்திருந்தா மயங்கி விழுந்திருப்பான். விழுந்தா றஜித் தம்பி வேற ஆளை நடிக்க வைச்சிருப்பார்."

நிதர்சனா மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். சந்தியாப்பிள்ளை யாருக்கோ தன் வசனத்தை மறுபடியும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அவரிட்டச் சொல்லட்டே, அப்பு?"

இராயப்பு பதறிப்போனார்.

"ஐயோ, சொல்லிப்போடாதை பிள்ளை! பிறகு நன்றி சொல்லுறன் எண்டு வருவான். நான் அவனோட கதைக்கவெல்லோ வேண்டி வரும்!"