எறோலின் எலும்புப் பிடி

"எலும்பில்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லு எறோல். நான் பேசாமப் போறன்."

வண்ணக்கர் அருமைநாயகம் கத்தியைப் பட்டறை மேசையில் வைத்தார். அம்மன் கோயில் நிர்வாகம் அவருடைய கையில்.

கத்தியின் பிடி தேன் நிறத்தில் மினுங்கியது. யுத்தம் முடிந்து வந்த முதல் வைகாசிச் சடங்குக்கு, மடைப்பள்ளியில் காய் வெட்டவென்று எறோல் சும்மா கொடுத்த கத்தி அது.

"எலும்பு எண்டு ஆரு சொன்னது?"

"ஆரு சொல்லணும்? எறோல்ட பட்டறையில வேற என்ன பிடி இருக்கு எண்டு என்ட மருமகனே கேட்கிறான். அம்மனுக்கு இதாலதான் காய் வெட்டினது! நாளைக்கு ஊர் கூடுது. சாமிக்கு மாட்டெலும்பு குடுத்தவன் எண்டு என்னைத் துரத்தப் போறானுகள்."

மூலையில் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்த அப்துல் மஜீத் நிமிர்ந்தார். ஓட்டமாவடி வியாபாரி. பாதை திறந்த நாள்முதல் எறோலின் கத்திகளைப் பொலநறுவைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்.

"அதென்ன வண்ணக்கர் அப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? அசல் மாட்டெலும்பு! அதைச் சொல்லித்தானே நான் விக்கிறன். எலும்பில்லாட்டி இவன்ட கத்தியை ஆரு வாங்குவான்? நானே வாங்க மாட்டன்."

"நீங்க பொறுங்க காக்கா. செய்தவனிட்டத்தான் கேட்கிறன்."

இருவரும் எறோலைப் பார்த்தார்கள்.

சுனாமியில் கடல் ஏறிவந்து டச்பார்க் கரையை வழித்துக்கொண்டு போனபோது, எறோலின் பறங்கித் தெருச் சனங்களுக்கு முதல் சோற்றுப் பானையைச் சுமந்து வந்தவர் வண்ணக்கர்தான்.

"மரம் எண்டு சொல்லு. எதையாவது சொல்லன். நீ சொன்னா நான் நம்புவன், மனே."

எறோல் வாயைத் திறந்தான். சாக்கின் முடிச்சில் மஜீத்தின் கை அப்படியே நின்றது.

"எலும்புதான் அண்ணன்."

"மெய்யாவா?"

"மாட்டுக் காலெலும்பு. ரெண்டு முனையையும் அறுத்து, உள்ளுக்க இருக்கிற ஊனைக் குத்தி எடுத்து, சவர்க்காரத் தண்ணியில மெல்லிய நெருப்பில அவிச்சது. கொதிக்க விட்டா வெடிச்சிரும். கொழுப்பு ஒரு பொட்டு மிஞ்சினாலும் சாயம் திட்டுத் திட்டா நிக்கும். மறுகா வெயில்ல வெளுக்கப் போட்டு, தேயிலைச் சாயத்தில வினாகிரி விட்டு ஊற வெச்சது."

சொல்லச் சொல்லக் குரல் தெளிந்துகொண்டே போனது. அது அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அருமைநாயகம் ஏசவில்லை. கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தரக்குள்ளயே சொல்லியிருக்கலாமே," என்றார் மெல்ல. கத்தியைத் தொடாமல் இறங்கி, சைக்கிளில் ஏறக்கூட நினைவில்லாமல் அதை உருட்டிக்கொண்டு நடந்தார்.

"பாவம் மனுசன்," மஜீத் சாக்கைத் தோளில் போட்டார். "எண்டாலும் நீ பொய் சொல்லாம நிண்டாய் பாரு, அதான்டா தொழில்காரன்! அடுத்த கிழமைக்கும் இதே மாதிரிப் பிடி போட்டு வை."

அவர் பஸ்சுக்குப் போனதும் எறோல் கதவைச் சாத்தினான். வண்ணக்கர் நடந்த பக்கத்து ஜன்னலையும் சாத்தினான்.

சுனாமி அடித்துப் பல கிழமைகள் கழித்து, வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள் மனைவி கொன்ஸ்டன்ஸை வெறும் எலும்பாகப் பொறுக்கி எடுத்த நாளிலிருந்து அவன் ஓர் எலும்பையும் தொட்டதில்லை.

மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை இழுத்தெடுத்து, மஜீத் கேட்ட 'எலும்பு'ப் பிடிகளுக்கு எப்போதும்போல அறுக்கத் தொடங்கினான்.