வூட்டுக்காரர் வர்றாரு

"வூட்டுக்காரர் இன்னிக்கு வந்துடுவாரும்மா. வாசலப் பெருக்கலாம்னு வந்தேன்."

ஸௌம்யா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். மாடிப்படியில் துடைப்பத்தோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். பிள்ளைப்பாக்கத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பெருக்க ஆள் அனுப்புவதாக வீட்டுச் சொந்தக்காரர் ரகுபதி சொல்லியிருந்தார். தாம்பரத்தில் இருக்கும் மனிதர், லீவு நாளாயிற்றே என்று எட்டிப் பார்க்க வருகிறார் போலும்.

"கிறிஸ்துமஸும் அதுவுமா வர்றாரா?"

"அன்னிக்கு வரேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. வாக்கு மாற மாட்டாரு." அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீ இன்னாம்மா எழுதிகினு கீற?"

இதைக் கேட்டால் போதும், ஸௌம்யாவுக்கு வாய் ஓயாது. ஒரகடம் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பதெல்லாம் வயிற்றுக்கு. லீவு கிடைத்தால் அவள் செல்போன் ஆப்பில் சரித்திரக் காதல் தொடர் எழுதுகிற எழுத்தாளர்.

"இந்த வீடு இருக்கிற இடத்துல அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்கார துரையோட பங்களா இருந்துச்சாம். ரகுபதி சார்தான் சொன்னாரு. அந்தத் துரை நம்மூர்ப் பொண்ணைக் கட்டிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்துடறேன்னு மதராஸுக்குக் குதிரையில போறான்..."

"அப்பால?"

"வரவே மாட்டான். அவ காத்திருந்தே செத்துப் போறா. இன்னிக்குக் கடைசி அத்தியாயம். படிக்கிறவங்க அழுதே தீரணும்!"

அந்த அம்மாளின் முகம் செத்துவிட்டது.

"வராமலே பூடுவாரா? நீ எழுதிட்டா அவ்ளோதானேம்மா, அப்பால எப்பிடி வருவாரு? அவளக் கொஞ்சம் நெனச்சிப் பாரு. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்தே காலு தேஞ்சி பூட்டிருக்கும். வரவெச்சிடும்மா. உன் கையிலதானே கீது?"

ஸௌம்யாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி கதைக்காக இப்படிக் கண்கலங்கி நிற்பாளா? அப்போதுதான் கவனித்தாள், ராத்திரி பகல் ஓயாத கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. ஃபேன்கூட ஓடவில்லை, ஆனால் உடம்பு சில்லிட்டது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எழுதி வைத்திருந்த கடைசிப் பக்கத்தை அழித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் துரை குதிரையில் வந்து வாசலில் இறங்குவதாக எழுதினாள். வாய்விட்டும் படித்துக் காட்டினாள்.

"வெளக்கு வெக்கிற நேரமா? இதோ, ஆச்சே!" கல்யாணப் பெண்ணைப் போல முகம் சிவக்க அந்த அம்மாள் கீழே ஓடினாள்.

அத்தியாயத்தை ஆப்பில் ஏற்றி முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ரகுபதி.

"எங்க சார் வந்துட்டிருக்கீங்க? நீங்க வர்றீங்கன்னு உங்க ஆளு வாசலைப் பெருக்கிட்டிருக்காங்க."

"நானா? நான் தாம்பரத்துல கீறேன்மா. பெருக்கறதுக்கு ஆளே இன்னும் கெடைக்கல, அதச் சொல்லத்தான் போன் போட்டேன்."

வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் வந்து நின்றது.

"அம்மா!" கீழேயிருந்து அந்தக் குரல் ஆனந்தமாகக் கூவியது. "எங்க வூட்டுக்காரர் வந்துட்டாரு!"