ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தவன்

அந்தச் சட்டை அவனுடையது.

ஊதா நிறம். பெரிய காலர். திரையில் வேறு எவனோ அதைப் போட்டுக்கொண்டு லேத் பட்டறையிலிருந்து தலைதெறிக்க ஓடிவருகிறான். தியேட்டர் சிரித்தது. அவனும் சிரித்தான்.

படம் எத்திராஜ் எடுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் அவனோடு இரும்பு கடைந்தவன். பிறகு சினிமாவுக்குப் போனவன். நம்ம கதைதான் டில்லி, அமுலுவையும் கூட்டிக்கொண்டு வா என்று போன் செய்திருந்தான்.

அமுலு பக்கத்து சீட்டில் இருந்தாள்.

திரையில் பஸ் ஸ்டாப் வந்தது. மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண் நிற்கிறாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஊதாச் சட்டைக்காரன். அவளிடம் பேசத் தைரியமில்லை. நண்பனைத் தூது அனுப்புகிறான்.

அப்படித்தான் நடந்தது. அன்று தூது போனவன் எத்திராஜ். அவன் இருட்டில் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தான்.

"ஞாயித்துக்கிழமை லீவான்னு கேட்டுட்டு வாடா" என்கிறான் ஊதாச் சட்டைக்காரன்.

நண்பன் சாலையைக் கடக்கிறான். பெண்ணின் முன்னால் போய் நிற்கிறான்.

"ஞாயித்துக்கிழமைய எவன் கண்டுபிடிச்சான்னு தேடிக்கினு இருக்கான்மா. கெடைச்சா சட்டையப் புடிச்சுக் கேக்கணுமாம். ஒரு நாள் பூரா உன்னப் பாக்க முடியலியாம்."

விசில் பறந்தது.

அவன் சிரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அமுலு ஒருமுறை கேட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தவன் கிடைத்தானா என்று. என்ன கேட்கிறாள் என்று புரியாமலே தலையாட்டி வைத்தான்.

நண்பன் மறுபடி சாலையைக் கடந்தான். மறுபடியும். இந்தப் பக்கம் கிளம்பும் அரை வரி, அந்தப் பக்கம் போய்ச் சேர்கையில் ஒரு பாட்டாகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தியேட்டர் குலுங்கியது.

அவள் சரி என்று சொன்னது தனக்குத்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தான்.

மெல்லக் கையை எடுத்துக்கொண்டான்.

ஓரக்கண்ணால் பார்த்தான். அமுலு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணக் காட்சி வந்தது. பந்தியில் பாதி பிரியாணியோடு நண்பன் எழுந்துபோய் முகம் கழுவுகிறான். கழுவிக்கொண்டே இருக்கிறான். காரம் தாங்காத பயல் என்று யாரோ கிண்டலடிக்க, தியேட்டர் மறுபடி சிரித்தது.

அங்கே மட்டும் அமுலு சிரிக்கவில்லை.

படம் விட்டு வந்தபோது எத்திராஜ் வாசலில் நின்றிருந்தான். கழுத்தில் யாரோ போட்ட மாலை. இவர்களைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். டில்லியைக் கட்டிப்பிடித்தான். படம் எப்படி என்று அமுலுவிடம்தான் கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லாத்தான் இருந்திச்சிண்ணா. அந்தப் பொண்ணைத்தான் வெவரம் இல்லாதவளா காட்டிட்ட. அவளுக்கு மொத நாளே தெரியும்."

எத்திராஜ் நிமிர்ந்தான்.

"இந்த மனுசனுக்கு அவ்ளோ பேச வருமா? நீ பேசப் பேச, இவரு ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பாரு. நான் சிரிச்சா, இன்னா ஏதுன்னு தெரியாமலே இவரும் சிரிப்பாரு. நான் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."



தான் ஏதாவது சொல்லவேண்டிய இடம் இது என்று டில்லிக்குத் தோன்றியது. பெரிதாக ஏதாவது. வாயைத் திறந்தான்.

"மழ வர மாதிரி இருக்குது" என்றான்.

அமுலு வாய்விட்டுச் சிரித்தாள். எத்திராஜும் சிரித்தான். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

டில்லி மனைவியைப் பார்த்தான். போ என்பதுபோல அவள் கண்ணைக் காட்டினாள்.

அவன் போய் எத்திராஜின் பக்கத்தில் நின்றான். தோள் உரச. எதிரே ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.

வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"சாப்ட்டியாடா?"